டியூ கட்டுவது முதலாளியா, டிரைவரா?

"டிரிப்புக்கு என்னப்பா நிக்குது?"

லோடு ஆபீஸ் வாசலிலும் டீக்கடையிலும் சொந்த வண்டி ஓட்டுகிறவனிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். வாடகையில் டீசல், டோல், வழிச்செலவு போக மிஞ்சியதைச் சொல்வோம். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் சம்பள டிரைவர் அந்தத் தொகையைத் தன் படியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டு மடங்கு இருக்கும். அன்று ராத்திரியே, பழைய வண்டி ஒன்றுக்கு பைனான்ஸ் எவ்வளவு தருவார்கள் என்று யாரிடமாவது விசாரிக்கத் தொடங்கிவிடுவார். அப்படி விசாரித்து வண்டி வாங்கியவன்தான் நானும். சொந்த வண்டியில் வந்த காசையும் போன காசையும் உள்ளபடி எழுதினால் என்ன தெரியும் என்பதை, அடுத்து வாங்கப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று எந்த ஊருக்குப் போனாலும் லாரிதான் பேச்சு. பாடி கட்டும் பட்டறை, டயர்க் கடை, கமான் பட்டை அடிக்கிற இடம், பைனான்ஸ் ஆபீஸ் எல்லாம் ஒரே சாலையில் இருக்கும். கிளீனராக ஏறி, டிரைவராகி, ஒரு வண்டி வாங்கி, பிறகு அதைப் பத்து வண்டியாக ஆக்கியவர்களை நாங்கள் கண்ணால் பார்த்தே வளர்ந்தோம். அதனால் டிரைவர் ஒருவர் வண்டி வாங்குவதை இங்கே யாரும் துணிச்சல் என்று நினைப்பதில்லை. வயது வந்தால் கல்யாணம் செய்வதுபோல அதுவும் நடக்கும்.

நான் வாங்கியது பத்துச் சக்கர டாரஸ், 2020 மாடல், நான்கு வருடம் ஓடிய வண்டி. விலை 18 லட்சம். சேமிப்பும் வீட்டு நகையுமாக 5 லட்சம் போட்டோம். மீதி 13 லட்சத்துக்கு நான்கு வருட பைனான்ஸ், மாதம் 36,000 ரூபாயை ஒட்டி டியூ. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயரைப் பார்த்த நாளில் இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இனி ஒரு டிரிப் கணக்கு. சேலத்திலிருந்து புனேவுக்கு ஜவ்வரிசி. மகாராஷ்டிரத்தில் விரத நாட்களில் சாபுதானா கிச்சடி செய்யாத வீடு குறைவு. நவராத்திரி, சிவராத்திரிக்கு முன்னால் சேலத்து ஜவ்வரிசிக்கு அங்கே நல்ல ஓட்டம் இருக்கும், லோடும் சுலபமாகக் கிடைக்கும். 18 டன், டன்னுக்கு 2,600 என்றால் 46,800 ரூபாய். புனேவில் இறக்கிவிட்டு நிகடி டிரான்ஸ்போர்ட் நகரில் வண்டியைப் போட்டு ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருப்பேன். அங்கேயே கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் லாத்தூருக்குக் காலியாகப் போய், நாமக்கல் கோழித் தீவனத்துக்கு வரும் சோயாப் புண்ணாக்கை ஏற்ற வேண்டும். அதற்கு 18 டன், டன்னுக்கு 2,700 வைத்தால் 48,600. இரண்டும் சேர்ந்து 95,400 ரூபாய்.

இந்தச் சுற்றில் வண்டி ஓடுவது ஏறக்குறைய 2,350 கிலோமீட்டர். பாரத்தோடு லிட்டருக்கு நாலு, காலியாக ஐந்தரை கிடைக்கும். 560 லிட்டர் டீசல் ஆகும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 51,500. வாடகையில் பாதிக்குமேல் டேங்கிலேயே போய்விடுகிறது. ஃபாஸ்டேக்கில் டோல் 9,500. ஆட்புளூ 1,700. புரோக்கர் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எடை மேடை, அங்கங்கே கொடுக்கிற மாமூல் என்று 6,000. சாப்பாட்டுக்கு 4,000. வண்டி ஓரத்தில் குட்டி சிலிண்டர் வைத்துச் சமைத்துக்கொள்வதால் இவ்வளவில் முடிகிறது. மொத்தச் செலவு 72,700. கையில் நிற்பது 22,700.

டயர்க் கடையில் கொடுத்த டைரியில் டிரிப்புக்கு ஒரு பக்கம் என்று இப்படித்தான் எழுதிவந்தேன். நான் வேலை பார்த்த இடங்களில் முதலாளிகளுக்கு எழுதிக் கொடுத்த டிரிப் ஷீட்டும் இதே அமைப்புதான். வரவு, செலவு, நின்றது. டீக்கடையில் கேட்பவர்களுக்கும் இந்தக் கடைசி வரியைத்தான் சொல்வேன்.

என் மனைவி எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். ஒரு நாள் ராத்திரி அந்த டைரியை எடுத்துவைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். டீசல் பில்லை வரியோடு ஒத்துப் பார்த்தாள். கூட்டல் எதிலும் பிசகு இல்லை. கடைசியில் டைரியை என் பக்கம் திருப்பி, "ஏனுங்க, இதுல டிரைவர் சம்பளம் எங்கீங்க?" என்றாள்.

"நாந்தானே ஓட்டறேன்" என்றேன்.

"நீங்க வேற ஒருத்தர் வண்டிய ஓட்டியிருந்தா சும்மாவா ஓட்டியிருப்பீங்க?"

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலால் புது வரி ஒன்றை எழுதினாள். நான் ஓட்டிய இடத்தில் வாடகையில் நூற்றுக்கு 12 ரூபாய் டிரைவர் படி. 95,400க்கு அது 11,400க்குக் கொஞ்சம் மேலே வரும். 22,700இல் அதைக் கழித்தால் 11,200.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு வரி வந்ததும் மற்ற வரிகளையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. டயரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துச் சக்கரம், ஒரு ஸ்டெப்னி. புது ரேடியல் டயர் ஒன்று 20,000 ரூபாய்க்கு மேலே. புது டயரை முன்னால் போட்டு, கொஞ்சம் தேய்ந்ததும் பின்னால் மாற்றி, பிறகு ரீட்ரேடிங் செய்து ஓட்டுகிறோம். முன்சக்கரத்தில் ரீட்ரேடிங் டயரை நான் போடுவதில்லை. தொப்பூர் கணவாயில் பாரத்தோடு இறங்குகிற எவரும் அந்தக் காசை மிச்சம் பிடிக்கக் கூடாது. என்னதான் சிக்கனமாக ஓட்டினாலும் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் டயருக்குத் தேய்கிறது. ஆயில் சர்வீஸ், பிரேக் லைனிங், கமான் பட்டை, கிளட்ச் எல்லாம் சேர்த்து இன்னொரு ரூபாய். ஆக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3 ரூபாய். அந்த டிரிப்பில் 7,050.

இந்தச் செலவின் குணமே அது அன்றைக்குத் தெரியாது என்பதுதான். டீசல் பங்க்கில் காசை எண்ணிக் கொடுக்கிறோம். டோலில் கழிந்ததும் போனில் மெசேஜ் வருகிறது. டயர் தேய்வதற்கு யாரும் பில் தருவதில்லை. சாலையில் தேய்த்துவிட்டு வந்த 7,000 ரூபாயை நாம் வீட்டுக்குக் கொண்டுவந்த காசாக நினைத்துச் செலவழிக்கிறோம். ஒன்றரை வருடம் கழித்து ஒரே சமயத்தில் ஆறு டயர் கேட்கும்போது, 'இந்த வருசம் வண்டி செலவு வெச்சிடுச்சு' என்கிறோம்.

அடுத்தது வண்டி ஓடினாலும் நின்றாலும் ஏறுகிற செலவு. 20 டன்னிலிருந்து 40 டன் வரையுள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் 2022இல் நிர்ணயித்தபடி வருடத்துக்கு 43,950 ரூபாய். நேஷனல் பெர்மிட்டுக்கு 16,500. இதோடு வண்டிக்கான இன்சூரன்ஸ், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும் வரி, எப்.சி. வேலை. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எப்.சி., அதன் பிறகு வருடா வருடம். எல்லாவற்றையும் கூட்டி 365ஆல் வகுத்தால் என் வண்டிக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய். ஏற்றுவதற்கும் காத்திருப்பதற்கும் ஓட்டுவதற்குமாக அந்தச் சுற்றுக்கு 11 நாள் பிடிக்கும். ஆக 3,300.

இப்போது மிச்சம் ஏறக்குறைய 900 ரூபாய். டியூவை இன்னும் தொடவில்லை. மாதம் 36,000 என்பது நாளுக்கு 1,200. பதினோரு நாளுக்கு 13,200. இருக்கிற மிச்சம் போகத் துண்டு விழுவது 12,300. டிரைவர் படி 11,400ஐ அப்படியே எடுத்துப் போட்டாலும் 900 ரூபாய் போதவில்லை.

அந்தப் பக்கத்தை நாங்கள் இரண்டு பேரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். என் வண்டிக்கு டியூ கட்டியது வண்டி இல்லை. ராத்திரி தூக்கம் விழித்து ஓட்டிய டிரைவர் தன் கூலி முழுவதையும் முதலாளிக்குக் கொடுத்திருக்கிறார். வீட்டில் அரிசி வாங்கியது டயர்க் காசு. பள்ளிக்கூடத்துக்குக் கட்டியது இன்சூரன்ஸ் காசு. முதல் வருடத்தில், அதே தடத்தில் சம்பளத்துக்கு ஓட்டிய என் சிநேகிதர் என்னைவிட அதிகம் சம்பாதித்திருக்கிறார். அவருக்கு டயர் கவலையும் இல்லை, டியூ தேதியும் இல்லை. இதை வெளியில் சொல்ல அன்று எனக்கு மனம் வரவில்லை. இன்று சொல்கிறேன்.

ஒரு நியாயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டியூ முழுவதும் செலவு இல்லை. ஆரம்ப மாதங்களில்கூட அதில் பாதிக்குமேல் அசலுக்குத்தான் போகிறது. வட்டி மட்டும்தான் போய்த் தொலைகிற காசு. அசல் என்பது வண்டியில் சேருகிற சேமிப்பு. ஆனால் வண்டியின் விலையும் வருடா வருடம் இறங்கிக்கொண்டே வரும். டியூ கட்டி முடிக்கும்போது கையில் இருப்பது எட்டு வருட வண்டி. நான்கு வருடம் டிரைவராக நான் விட்டுக்கொடுத்த கூலிதான் அந்தப் பழைய வண்டியின் விலை. அது ஓட்டமாக ஓடுகிற நிலையில் இருந்தால் சேமிப்பு. எஞ்சின் வேலை கேட்கிற நிலையில் இருந்தால் அந்தச் சேமிப்பில் பாதி பட்டறைக்குப் போகும்.

வருமான வரிக்காரர்கள் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1961ஆம் வருடச் சட்டத்தில் 44ஏஇ பிரிவாக வந்த கணக்கு அது. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்கள் விரிவாகக் கணக்குப் புத்தகம் வைக்காமல் இதன்படி வருமானம் காட்டலாம். 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு, மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். என் வண்டி 28.5 டன். ஆக மாதம் 28,500 வருமானம். ஆடிட்டர் இதைச் சொன்னபோது, டன்னை வைத்துப் பார்க்கிற அந்தக் கணக்கில் நிகடியில் நிற்கிற நாட்களுக்கு இடமே இல்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

வாடகை ஏன் ஏறவில்லை என்று கேட்பார்கள். பெரிய காரணம் ஒன்று உண்டு. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பாரத்தின் அளவை உயர்த்தியது. பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக ஆனது. நல்லதுதானே, கூட மூன்றரை டன் ஏற்றலாமே என்று அப்போது சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்த நான் நினைத்தேன். நாட்டில் இருந்த சரக்கு அதேதான். அதை ஏற்றக் குறைந்த வண்டி போதும் என்று ஆகிவிட்டது. லோடு ஆபீஸ் முன்னால் வரிசை நீண்டது, டன் வாடகையில் பேரம் குறைந்தது. கூட ஏற்றிய எடைக்குத் தேய்ந்த டயரும் குடித்த டீசலும் வண்டிக்காரன் தலையில் விழுந்தன.

டீசல் விலை 2017 ஜூன் முதல் தினம் ஒரு விலை என்று ஆனது. வாடகை அப்படி ஏறுவதில்லை. 2022 மார்ச் கடைசியில் தொடங்கி இரண்டு வாரத்தில் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறி, ஏப்ரலில் சென்னையில் 100ஐத் தாண்டியபோது நான் வேலை பார்த்த முதலாளி கல்குலேட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அன்று அவருடைய கவலை எனக்கு முழுதாகப் புரியவில்லை. 560 லிட்டருக்குப் பத்து ரூபாய் என்றால் ஒரு சுற்றுக்கு 5,600. டிரைவர் படியில் பாதி.

டீசலும் டோலும் என் கையில் இல்லை. டன் வாடகையில் எனக்குக் கொஞ்சம்தான் பேச்சு இருக்கிறது. என் கையில் இருப்பது நாள். மனைவி பென்சிலால் கோடு போட்ட பிறகுதான் நாளை ஒரு செலவாகப் பார்க்கத் தொடங்கினேன். வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் இன்சூரன்ஸ் வகையில் 300, டியூ 1,200 என்று 1,500 ரூபாய் போகிறது. என் கூலியும் சும்மா போகிறது. புனே டிரிப்புக்கு 22,700 நிற்கிறது என்ற பெருமையில் நிகடியில் மூன்று நாள் காத்திருப்பு மறைந்து கிடந்தது.

ஆகவே பக்கத்துத் தடத்தை எழுதிப் பார்த்தோம். சேலத்திலிருந்து பெங்களூருக்கு ஒரு லோடு, 16,200. அங்கிருந்து காலியாக தாவணகெரே. அக்டோபரில் தொடங்கும் மக்காச்சோள அறுவடைக் காலத்தில் அங்கிருந்து நாமக்கல் தீவன ஆலைகளுக்கு நிற்காமல் லோடு வரும். அதற்கு 26,100. மொத்தம் 42,300. ஓட்டம் 1,040 கிலோமீட்டர். டீசல், டோல், கூலி, சாப்பாடு எல்லாம் 32,100. நிற்பது 10,200தான். டீக்கடையில் சொன்னால் யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். டயர், சர்வீஸ் தேய்மானத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நாளுக்கு 1,770. புனே சுற்றில் அதே கணக்கில் நாளுக்கு 1,420. வித்தியாசம் 350 ரூபாய். மாதம் முழுக்க அப்படி ஓடக் கிடைத்தால் பத்தாயிரம். நீண்ட தடம்தான் காசு என்று நான் வருடக்கணக்காகக் கேட்டு வளர்ந்த பேச்சை அந்த 350 ரூபாய் தள்ளிவைத்தது.

தாவணகெரே தடம் வருடம் முழுவதும் கிடைக்காது. மார்ச் போனால் மக்காச்சோளம் இளைத்துவிடும், மறுபடி வடக்கே போகத்தான் வேண்டும். ஆனால் அப்போதும் நான் லோடு ஆபீஸில் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. டன்னுக்கு எவ்வளவு என்பதோடு, இறக்க எத்தனை நாள் ஆகும், நின்றால் ஹால்டிங் உண்டா, பேலன்ஸ் எப்போது கைக்கு வரும் என்று கேட்கிறேன். சில புரோக்கர்களுக்கு இது பிடிப்பதில்லை. "ஏப்பா, ஓட்டறவன் வாயில இவ்வளவு கேள்வியா?" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். ஓட்டுகிறவனுக்குத்தான் இந்தக் கேள்விகள் வேண்டும். பத்து வண்டி வைத்திருப்பவருக்கு ஒன்று நின்றால் ஒன்பது ஓடும். எனக்கு ஒன்று நின்றால் எல்லாம் நின்றது.

வீட்டில் செய்த மாற்றம் இன்னும் சின்னது. வங்கியில் மூன்று கணக்கு வைத்தோம். வாடகை வந்து விழுவது ஒன்றில். டிரிப் முடிந்ததும் அதிலிருந்து நூற்றுக்கு 12 ரூபாயை டிரைவர் படியாக மனைவி தன் கணக்குக்கு மாற்றுவாள். வீடு அதில்தான் நடக்க வேண்டும். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் மூன்றாவது கணக்குக்குப் போகும், அதைத் தொடக் கூடாது. மிச்சம் இருப்பதில் டியூவும் இன்சூரன்ஸும் கட்ட வேண்டும். முதல் மாதங்களில் மிச்சம் போதாமல் டிரைவர் படியிலிருந்து எடுத்துத்தான் டியூ கட்டினோம். எடுத்ததை அவள் கடன் என்று எழுதிவைத்தாள், 'முதலாளி டிரைவருக்குத் தர வேண்டியது' என்று தலைப்புப் போட்டு. அந்தக் கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் போன தடவை முன்பக்கத்து இரண்டு டயர் மாற்றியபோது யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை.

என் மச்சான் ஒருவர் பன்னிரண்டு சக்கரம் வாங்க வேண்டும் என்று போன மாதம் வந்து நின்றார். வாங்காதீங்க என்று நான் சொல்லவில்லை. சம்பளத்துக்கு ஓட்டிய கடைசி டிரிப் ஷீட் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னோம். அதில் அவருடைய படியை முதல் செலவாக எழுதினோம். பிறகு டயர், இன்சூரன்ஸ், டியூ என்று வரிசையாக எழுதினோம். அவர் கொடுக்கக்கூடிய முன்பணத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால்தான் துண்டு விழாமல் இருக்கும் என்று வந்தது. இன்னும் ஒரு வருடம் சம்பளத்துக்கு ஓட்டிச் சேர்க்கிறேன் என்று போயிருக்கிறார்.

எங்கள் வண்டியின் டியூ முடிந்தால் மாதம் 36,000 விடுபடும். மல்டி ஆக்சில் வண்டிக்கு 15 வயது வரை நேஷனல் பெர்மிட் உண்டு. அப்போது எட்டு வயது வண்டிக்கு இன்னும் ஏழு வருட ஓட்டம் மிச்சம் இருக்கும். அந்தப் பணத்தை முதலில் எஞ்சின் வேலைக்கென்று ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. முதலில் டிரைவருக்குத் தர வேண்டிய பாக்கியை அடைக்கணும், மத்ததெல்லாம் அப்புறம் என்கிறாள் அவள். பேச்சு இன்னும் முடியவில்லை.